பதினொரு இடமும் ஒரு லைசன்சும்

சின்னராசா அண்ணன் தேத்தண்ணியைத் தொடேல்லை.

விசயம் பெரிசெண்டு எனக்கு அதிலதான் விளங்கினது. மனுசன் சல்லி எண்ட மீன்பிடி ஊரில இருந்து சைக்கிள்ல டவுனுக்கு வந்தா, நேர என்ர கொம்பியூட்டர் கடைக்குத்தான் வருவார். வாசல் கதிரையில இருந்து, பிளேன்ரீயைக் கையில வாங்கின பிறகுதான் "எப்பிடித் தம்பி" எண்டு கேப்பார். அண்டைக்குக் கதிரையில இருந்தவர். தேத்தண்ணி பக்கத்தில ஆறிக்கொண்டு கிடந்தது. மடியில ஒரு சொப்பிங் பேக். அதுக்குள்ள இன்னொரு சொப்பிங் பேக். அதுக்குள்ள அவரின்ர ஜி.பி.எஸ். கருவி. உப்புக் காத்துப் படக்கூடாதெண்டு பிள்ளையைச் சுத்திற மாதிரிச் சுத்தி வைச்சிருப்பார்.

உள்ளுக்க போட்டோக்கொப்பி மெசின் ஆற்றையோ காணி உறுதியைத் துப்பிக்கொண்டிருந்தது. அது ஓயும் மட்டும் பாத்திட்டு, மெதுவாச் சொன்னார்.

"தம்பி, என்ர இடங்களைக் கிண்ணியா மீன்காரருக்குக் குடுத்திட்டியாம்."

"ஆர் அண்ணை சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன. மீனவர் சங்கத்தில எல்லாரும் கதைக்கினம். எங்களுக்கு எழுதித் தந்த புரோகிராமைக் கழட்டி இன்டர்நெட்டில போட்டிருக்கிறாயாம். ஆரும் பாக்கலாமாம். உண்மையோ, பொய்யோ?"

"உண்மைதான். ஆனா அது வேற."

"உண்மையெண்டு சொல்லிப்போட்டு, பேந்தென்ன வேற?"

போன கிழமை இந்தப் பத்தியில நான் எழுதின, என்ர முதல் கொம்பியூட்டருக்குள்ள எறும்பு கூடு கட்டின கதையை வாசிச்சிட்டு, "உமக்குக் கொம்பியூட்டரில என்னதான் தெரியும்" எண்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தக் கிழமை அதுக்குத்தான் பதில். வாசிச்சு முடிக்கேக்க அவர் இன்னும் கவலைப்படுவார்.

இடம் எண்டா என்ன

கடல்ல "இடம்" எண்டு சொன்னா மீன்காரருக்கு அது சாதாரணச் சொல்லு இல்லை. மேல பாத்தா எல்லாம் ஒரே தண்ணிதான். கீழ எங்கயோ ஒரு கல்லு, ஒரு பள்ளம், மீன் வந்து தங்கிற மூலை. அதைக் கண்டுபிடிக்க வருசக் கணக்கா ஓடோணும். கண்டுபிடிச்சவர் மச்சானுக்கும் சொல்லமாட்டார். வேற வள்ளம் கிட்ட வந்தா தூண்டிலைச் சுருட்டிப்போட்டு எஞ்சின் பழுதான மாதிரி நடிப்பார். சின்னராசா அண்ணனிட்ட அப்பிடிப் பதினொரு இடம். சல்லியில அவரைவிட நல்லா எஞ்சின் பழுதாகிற ஆள் கிடையாது.

அப்பிடிப்பட்ட மனுசன் தன்ர இடங்களை எனக்குச் சொன்னது சும்மா இல்லை.

ரெண்டு மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு வள்ளம் எஞ்சின் நிண்டு, ரெண்டு நாளாத் தண்ணியில அலைஞ்சது. இந்த முறை நடிப்பில்லை. கரையில எல்லாரும் வள்ளத்தை இறக்கத் தயாரா நிண்டவை. எந்தப் பக்கம் போறதெண்டுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. போனவர் ஆருக்கும் இடம் சொல்லேல்லை. கடைசியில நிலாவெளிப் பக்கத்து வள்ளமொண்டு தற்செயலாக் கண்டு இழுத்துக்கொண்டு வந்தது. ஆள் உயிரோட வந்திட்டார். ஆனா அந்த ரெண்டு நாளும் அவரின்ர மனுசி கடற்கரையில இருந்த இருப்பை ஒருத்தரும் மறக்கேல்லை.

அதுக்குப் பிறகு சங்கம் என்னட்ட வந்தது. நான் ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தனான். கடலுக்குப் போக முதல் எந்த இடத்துக்குப் போறனெண்டு சங்கத்துக் கொம்பியூட்டரில பதியிறது. பதிஞ்சதை ஒருத்தரும் பாக்க ஏலாது. நேரத்துக்குத் திரும்பி வந்து, வந்திட்டன் எண்டு பதிஞ்சா அது தானா அழிஞ்சிடும். வராட்டி மட்டும் வள்ளத்தின்ர பேர் சிவப்பா மாறி, போன இடம் வரைபடத்தில தெரியும். தேடிப் போகலாம்.

இதில கொம்பியூட்டரும் முக்கியமில்லை, என்ர மூளையும் முக்கியமில்லை. நம்பிக்கைதான் முக்கியம். இடம் வெளியில போகாதெண்டு நம்பினபடியாத்தான் சல்லி ஆக்கள் வாய் திறந்தவை.

அந்த நம்பிக்கைதான் அண்டைக்குத் தேத்தண்ணியோட சேந்து ஆறிக்கொண்டு கிடந்தது.

வள்ளமும் நெத்தலியும்

நான் என்னட்ட இருந்த முழு அறிவையும் திரட்டினன். கனநேரம் எடுக்கேல்லை.

"அண்ணை, நான் குடுத்தது மூலநிரல். கோட் எண்டு சொல்லுறது. புரோகிராம் எப்பிடி வேலை செய்யோணுமெண்டு நான் எழுதின வரிகள். ஒரு வள்ளம் எப்பிடிக் கட்டினது, எந்தப் பலகை எங்க எண்டு காட்டுறது வேற. அந்த வள்ளத்துக்குள்ள என்ன மீன் கிடக்கெண்டு காட்டுறது வேற. நான் காட்டினது வள்ளத்தை. உங்கட இடம் எல்லாம் சங்கத்துக் கொம்பியூட்டருக்குள்ளதான் கிடக்கு. அது இன்டர்நெட்டுக்கே போகாது."

அண்ணன் யோசிச்சார்.

"வள்ளத்துக்குள்ள ஒரு மீனும் கிடக்கேல்லையே?"

"ஒரு நெத்தலி கூட இல்லை."

"சரி. நீ சொல்லுறாய், நம்புறன்." சொப்பிங் பேக்கைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். "பொய்யெண்டு தெரிஞ்சா நான் உன்னோட சண்டைக்கு வரமாட்டன். ஆனா இனி எங்கட பக்கம் ஒருத்தரும் போற இடம் சொல்லாயினம். பழையபடி போவம். வந்தா வருவம்."

சைக்கிள் போயிட்டுது. எங்கட டவுன் றோட்டில மாடு மாதிரித் திரியிற மானில ஒண்டு கோயிலடிப் பக்கமிருந்து வந்து படியில ஏறி, கதிரைக்குப் பக்கத்தில இருந்த தேத்தண்ணியை மணந்து பாத்திட்டு, அதுவும் குடிக்காமப் போச்சு.

கள்ள சீடிக் காலம்

நான் ஏன் கோட்டை வெளியில போட்டனான் எண்டு சொல்லவேணும். அதுக்குக் கொஞ்சம் பின்னால போகவேணும்.

நான் தொழில் தொடங்கேக்க என்னட்ட இருந்த எல்லா மென்பொருளும் கள்ள சீடி. உறை இல்லாத சீடி, மேல நீலப் பேனையால எழுத்து. அதைத் திறக்கிற இலக்கத்தை ஒரு கொப்பியில எழுதி, அந்தக் கொப்பியை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருந்தனான். களவெடுத்த சாமானை இவ்வளவு பத்திரமாப் பூட்டி வைச்ச ஆள் மாவட்டத்தில நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.

பேந்துதான் கட்டற்ற மென்பொருள் எண்டு ஒண்டு இருக்கெண்டு தெரிய வந்தது. களவும் இல்லை, காசும் இல்லை. முதல்ல நான் நம்பேல்லை. ஒருத்தன் மாசக் கணக்கா இருந்து எழுதிப்போட்டு, "எடுத்துப் பாவியுங்கோ" எண்டு ஏன் சொல்லப்போறான்? ஏதோ வில்லங்கம் இருக்கெண்டு ஒரு கிழமை அந்தக் கொம்பியூட்டரை இன்டர்நெட்டில இருந்து கழட்டி வைச்சிருந்தனான். இன்டர்நெட் இல்லாம இன்டர்நெட்டில வந்த சாமானை எப்பிடிச் சோதிச்சனான் எண்டு கேக்காதையுங்கோ.

காசில்லை எண்டதுதான் எனக்கு அப்ப கண்ணில பட்டது. முக்கியம் அதில்லை. அந்த மென்பொருளை எந்தத் தேவைக்கும் பாவிக்கலாம். உள்ளுக்க என்ன நடக்குதெண்டு திறந்து பாக்கலாம். மற்றவைக்குப் பிரதி எடுத்துக் குடுக்கலாம். பிடிக்காட்டி மாத்தலாம், மாத்தினதையும் குடுக்கலாம். இந்த நாலும் தாறதெண்டு எழுதி வைச்சிருக்கிற கடுதாசிதான் லைசன்ஸ்.

சும்மா இன்டர்நெட்டில கிடக்கிற கோட் எல்லாம் கட்டற்றது எண்டு நினைக்கக்கூடாது. லைசன்ஸ் இல்லாத கோட், வாசல்ல நிக்கிற சைக்கிள் மாதிரி. பூட்டுப் போடேல்லை எண்டதுக்காக ஏறி ஓட ஏலாது.

லைசன்சிலயும் ரெண்டு சாதி. சிலது லேசானது: என்னவும் செய், எழுதினவன்ர பேரை மட்டும் அழிச்சுப்போடாதை எண்டு சொல்லும். சிலது கொஞ்சம் கண்டிப்பு. நான் எடுத்தது அந்தச் சாதி, ஜி.பி.எல். எண்டு மூண்டெழுத்து. இதை மாத்தி இன்னொருத்தருக்குக் குடுத்தியெண்டா, கோட்டையும் சேத்துக் குடு. உனக்குக் கிடைச்ச அதே நாலு உரிமையும் அவனுக்கும் இருக்கோணும், நடுவில நிண்டு கதவைச் சாத்தாதை எண்டு சொல்லுறது.

இதெல்லாம் இப்ப தெரியும். அப்ப நான் அந்த லைசன்சை வாசிக்கேல்லை. வாசிப்பமெண்டு ஒருக்கா பிரிண்ட் எடுத்தனான், உண்மை. நீட்டா ஒரு கட்டு வந்தது. வாசல் மேசையில வைச்சிட்டு உள்ளுக்க போனன். வரேக்க பாதியை மான் திண்டிட்டுது. இண்டைக்கும் டவுனில அந்த லைசன்சை முழு மனதோட உள்ளெடுத்தது அந்த மான்தான்.

சங்கத்துக்கு எழுதின புரோகிராமில வரைபடம் காட்டுற பகுதி முழுக்க, எங்கயோ குளிர் நாட்டில இருக்கிற ஒருத்தர் ஜி.பி.எல்.லில குடுத்தது. நான் செய்தது, அவரின்ர பேர் இருந்த வரியை அழிச்சது. அந்த இடத்தில "உருவாக்கம்: கொம்பியூட்டர் சிவம். சகல உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" எண்டு போட்டனான். பக்கத்தில என்ர படம். கலியாணத்துக்கு எடுத்தது, கழுத்தில ரை கட்டினது.

"இந்தப் படத்தைக் கண்டா மீன் வராது" எண்டு என்ர மனுசி வசந்தி அப்பவே சொன்னவ.

குறிஞ்சாக்கேணி டீச்சர்

கிண்ணியாப் பக்கத்து மீன்காரருக்கும் அந்தப் புரோகிராம் வேணுமெண்டு வந்தவை. நான் பெருமையா ஒரு பென் டிரைவில போட்டுக் குடுத்தன். நாலு நாளால ஒரு போன்.

"சேர், நான் நஸ்ரின். குறிஞ்சாக்கேணியில இருந்து. ஸ்கூல்ல கொம்பியூட்டர் படிப்பிக்கிறன். எண்ட கூடப்பொறந்த நானா கடலுக்குப் போறவர், அவருக்காகத்தான் இதப் பாத்த. நல்லா இரிக்கி."

நான் வயித்தை உள்ளுக்க இழுத்துக்கொண்டு நிமிந்தன். போனில தெரியாதெண்டாலும்.

"கோட்டையும் தாங்களன் சேர்."

"கோட்டோ? அது என்ர சொந்த வேலை டீச்சர். குடுக்கிறதில்ல."

"சொந்த வேலை இல்லையே சேர். இந்த வரைபடப் பகுதிய நான் கம்பசில படிக்கக்க பாவிச்சிருக்கன். ஜி.பி.எல். ஒருத்தருக்குக் குடுத்தா கோட்டும் குடுக்கணும். அத எழுதின ஆள்ட பேர் இரிந்த இடத்துல ஆரோ ரை கட்டின ஒராள்ட போட்டோ இரிக்கி."

"அது நான்தான்."

"ஆ." பேந்து, "நல்ல படம் சேர்."

நான் அந்தக் குளிர்நாட்டு மனுசன் வழக்குப் போடுவாரோ எண்டு கேட்டன். அப்பிடி ஒண்டுக்கும் பயப்பட வேணாம், பேரைத் திருப்பிப் போட்டு, லைசன்சைச் சேத்து, கோட்டைக் குடுத்தாச் சரி எண்டு சொன்னவ. தனக்கு மட்டும் அனுப்பினா மற்ற ஊராக்களுக்கு உதவாது, எல்லாரும் பாக்கிற இடத்தில போடுங்க, பிழை இருந்தா ஆக்கள் திருத்தியும் தருவாங்க எண்டவ.

என்ர கோட்டில பிழையோ எண்டு மனசுக்குள்ள சிரிச்சுக்கொண்டு முழுதையும் ஏத்தி விட்டன். மூண்டாம் நாள் சின்னராசா அண்ணன் வந்து கதிரையில இருந்தார்.

பதினொரு நெத்தலி

அண்ணன் போன கையோட, என்ர மனச்சாந்திக்காக அந்தக் கோட்டை ஒருக்காத் திறந்து பாத்தன். நாலாவது பைல். பேர் "சோதனை".

புரோகிராம் எழுதத் தொடங்கின காலத்தில, வரைபடத்தில புள்ளி விழுதோ எண்டு சோதிக்க எனக்குச் சில இடங்கள் தேவைப்பட்டது. அப்ப அண்ணன் பக்கத்தில இருந்து, தன்ர கருவியைப் பாத்து ஒவ்வொண்டா வாசிச்சவர். நான் அப்பிடியே கோட்டுக்குள்ள தட்டினனான். வேலை முடிய எடுத்துப்போடுவமெண்டு நினைச்சனான்.

எடுக்கேல்லை. பதினொண்டும் கிடந்தது. "சின்னராசா 1", "சின்னராசா 2" எண்டு பேரும் இலக்கமும் போட்டு. ஆரும் மறந்துபோய் வேற ஆளின்ர எண்டு நினைச்சுப்போடக்கூடாதே.

ஒரு நெத்தலி கூட இல்லை எண்டு நான் சொல்லி அரை மணித்தியாலமும் ஆகேல்லை. ஆரார் பாத்திருக்கினம் எண்டு அந்தத் தளத்தில தேடினன். ரெண்டு பேர் பிரதி எடுத்திருந்தினம். ஒண்டு டீச்சர். மற்றது நான், போனில திறந்து வசந்திக்குக் காட்ட எடுத்தது.

உடன அந்தப் பைலை அழிச்சன். அழிச்சிட்டு டீச்சருக்குப் போன் போட்டன்.

"டீச்சர், சோதனை எண்டொரு பைல் இருந்தது..."

"இப்ப அழிச்சிருக்கீங்க, பாத்தன். ஆனா சேர், பழைய பதிப்பெல்லாம் அந்தத் தளத்து வரலாற்றில அப்பிடியே இரிக்குமே. இண்டைக்கு அழிச்சா நேத்தையது அழியாது. அதுக்குத்தானே அது."

போனோட போய் வாசல் கதிரையில இருந்தன். அண்ணன் இருந்த அதே கதிரை.

இதில ஒரு விசயம் சொல்லவேணும். கட்டற்ற மென்பொருள் லைசன்சில பெரிய எழுத்தில ஒரு பகுதி வரும். இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இதால என்ன நடந்தாலும் எழுதினவன் பொறுப்பில்லை எண்டு. மான் விட்டு வைச்ச பக்கங்களில அது இருந்தது. எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதி. ஆனா அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் சின்னராசா அண்ணனுக்கு நீட்ட ஏலுமோ? குளிர்நாட்டு மனுசன் நீட்டலாம். நான் நாளைக்கும் மீன் வாங்கச் சந்தைக்குப் போகவேணும்.

"சேர், ஒண்டு கேக்கவா?" எண்டா டீச்சர்.

"கேளுங்கோ."

"சல்லி ஆக்கள் வயலுக்குள்ளயா மீன் புடிக்கிற?"

"என்ன?"

"அந்தப் பதினொரு இடத்தயும் முந்தநாளே படத்துல போட்டுப் பாத்த. ஒண்டு மூதூருக்குத் தெக்கால வயலுக்குள்ள விழுது. ஒண்டு குளத்துக்கு நடுவுல. ஒண்டு வெருகலுக்குப் போற றோட்டோரம், ஒரு வேலிக்குப் பக்கத்துல. கடல்ல ஒண்டும் இல்ல. சும்மா சோதனைக்குக் கற்பனையாப் போட்டதெண்டு நினைச்ச."

நான் அந்த இலக்கங்களை ஒருக்கா வரைபடத்தில போட்டுப் பாத்தன். பேந்து சிரிச்சன். சிரிப்பெண்டா, கண்ணால தண்ணி வாற சிரிப்பு. கடைக்குப் பின்னால வீட்டுக் குசினியில இருந்து வசந்தி எட்டிப் பாத்தவ.

விசயம் இதுதான். அண்ணன்ர கருவி இடத்தைப் பாகையும் கலையுமாக் காட்டும். ஒரு பாகைக்கு அறுபது கலை, மணிக்கு நிமிசம் மாதிரி. நான் கலையை அப்பிடியே தசமப் புள்ளிக்குப் பின்னால தட்டியிருக்கிறன். எட்டு மணி முப்பது நிமிசத்தை எட்டரை எண்டு எழுதாம, எட்டு தசம் மூண்டு எண்டு எழுதினவன் மாதிரி. அதால சல்லிக்குக் கிழக்கால கடல்ல கிடந்த பதினொரு இடமும் தெற்காலயும் மேற்காலயும் நடந்துபோய்க் கரையேறியிட்டுது.

என்ர முட்டாள்தனத்துக்கு நான் அவ்வளவு நன்றி சொன்னது அண்டைக்குத்தான்.

"ஆனா சேர்," எண்டா டீச்சர், "வரலாற்றையும் அழிக்கத்தான் வேணும். பிழை என்னண்டு தெரிஞ்ச ஆளுக்கு இடத்தத் திருப்பி எடுக்கலாம். எப்பிடியெண்டு நான் சொல்லித் தாறன். எண்ட பிரதியையும் அழிச்சிடுறன்."

"சரி டீச்சர்."

"இன்னொண்டும் இரிக்கி. கையால இடம் பதியிற பகுதியிலயும் இதே பிழைதான். கருவியில இருந்து வயரால வாறது சரி. கையால அடிச்சா வயலுக்குத்தான் போகும். ஆராவது கையால பதியிறவங்களா?"

சிரிப்பு அங்கயே நிண்டுபோச்சு.

அஞ்சு வள்ளம். வயர் பூட்டிற கருவி இல்லாத அஞ்சு வள்ளம். மாசக் கணக்கா அவையள் கடலுக்குப் போகேக்க, சங்கத்துக் கொம்பியூட்டர் அவையளை மூதூர் வயலுக்குள்ள விட்டிருக்கு. திரும்பி வந்தா பதிவு அழிஞ்சிடும், அதால ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் எல்லா நாளும் திரும்பி வந்தவை. ஒரு நாள், ஒரு வள்ளம் வராம இருந்திருந்தா, சிவப்புப் பேருக்குக் கீழ ஒரு வயல் தெரிஞ்சிருக்கும். கரையில ஒரு மனுசி இருந்திருப்பா.

அவ சொல்லித் தந்தபடி நான் வரலாற்றை அழிச்சு முடிக்க, அண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள டீச்சர் பிழையைத் திருத்தி அனுப்பினவ. எட்டே வரி. பாகைக்கு ஒரு பெட்டி, கலைக்கு ஒரு பெட்டி. புள்ளி தரையில விழுந்தா "இது கடல் இல்லை" எண்டு ஒரு எச்சரிக்கை. கீழ ஒரு குறிப்பு: பாத்திட்டு, சரியெண்டாச் சேத்துக்கொள்ளுங்க. சேத்தன். அந்த எச்சரிக்கை வரியை நாலைஞ்சு தரம் வாசிச்சன். இவ்வளவு மரியாதையா என்னை ஒருத்தரும் ஏசினதில்லை.

அஞ்சு வள்ளமும் அண்ணனும்

முதல் வேலையாச் சல்லிக்குப் போய்ச் சங்கத்துக் கொம்பியூட்டரில திருத்தின பதிப்பைப் போட்டன். பேந்து அண்ணனைத் தேடி நடந்தன். அவர் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில குந்தியிருந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். காத்தில மீன் மணம். நான் வரேக்கயே முகத்தைப் பாத்திட்டார்.

"கிடந்ததோ நெத்தலி?"

"பதினொண்டு."

ஊசி நிண்டுது. நான் எல்லாத்தையும் ஒரே மூச்சில சொன்னன். வயல், குளம், வேலி, எல்லாம்.

"என்ர ஆறாம் இடம் எங்க போச்சு?"

"குளத்துக்குள்ள."

"அங்க வலை போட்டாலும் ஏதும் வந்திருக்கும்," எண்டார். முகத்தில ஒண்டும் தெரியேல்லை.

பேந்து அஞ்சு வள்ளத்தின்ர கதையைச் சொன்னன். அதைச் சொல்லாம விட்டிருக்கலாம், திருத்தியாச்சுத்தானே எண்டு வழியெல்லாம் ஒரு குரல் சொன்னது. வாய் சொல்லிப்போட்டுது. அந்த அஞ்சில ஒண்டு அண்ணன்ர மருமகன்ர.

அண்ணன் வலையை மடியில வைச்சார்.

"ஆர் கண்டுபிடிச்சது?"

"அந்தக் குறிஞ்சாக்கேணி டீச்சர்."

"நீ கோட்டைக் காட்டாட்டி?"

"ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும்."

"அவவின்ர தமையன் கடலுக்குப் போறவரெல்லோ?"

"ஓம்."

"அவ கணக்குப் பாத்தா என்ர இடம் முழுக்க எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம். அழிச்சிட்டன் எண்டு சொன்னவ."

"நான் எண்டா பாத்திருப்பன்," எண்டார் அண்ணன். ஊசியைத் திரும்ப எடுத்தார். "போ தம்பி. நாளைக்கு வாறன்."

என்ன முடிவெண்டு சொல்லேல்லை. அண்டைக்கு நான் சாப்பிட்டது என்னெண்டு வசந்தியைத்தான் கேக்கவேணும்.

ஆறின தேத்தண்ணி

அடுத்த நாள் காலமை சைக்கிள் மணி கேட்டுது. அண்ணன் வந்து கதிரையில இருந்தார். வசந்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சா. அவர் தொடேல்லை. சொப்பிங் பேக்கை அவிட்டார். அடுத்த சொப்பிங் பேக்கையும் அவிட்டார்.

"எல்லாரும் பாக்கிற மாதிரி ஒரு இடம் போட ஏலுமோ? கிண்ணியா ஆக்களும் பாக்கிற மாதிரி?"

எனக்கு விளங்கேல்லை. "உங்கட இடத்தையோ அண்ணை?"

"உனக்கென்ன விசரோ. அது என்ர." கருவியை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சார். "இது வேற. தண்ணிக்குக் கீழ பழைய கப்பல் இரும்பு ஒண்டு கிடக்கு. வலை போனா திரும்பி வராது. நான் ரெண்டு வலை குடுத்திட்டன். அவங்கட பக்கத்து ஆக்களும் வந்து கிழிச்சுக்கொண்டு போறதைக் கண்டிருக்கிறன்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை." கருவியின்ர பொத்தானை அமத்திக்கொண்டு, "இனிக் கிழியிறது என்ர வலை இல்லைத்தானே எண்டு இருந்திட்டன்" எண்டார்.

எல்லாருக்கும் போற வரைபடத்தில, அவர் வாசிக்க நான் தட்டினன். பாகை ஒரு பெட்டியில, கலை ஒரு பெட்டியில. எச்சரிக்கை ஒண்டும் வரேல்லை. புள்ளி விழுந்தது. அண்ணன் நான் சொல்லுறதை நம்பாம, திரையைத் தன்ர பக்கம் திருப்பிப் பாத்தார். விரலால கரையைத் தொட்டு, அதில இருந்து கிழக்கால நகத்திக்கொண்டு போனார்.

"கடலுக்குள்ளதானே?"

"கடலுக்குள்ளதான் அண்ணை."

பங்களிச்ச ஆக்கள் எண்டு டீச்சர் ஒரு பட்டியல் தொடங்கியிருந்தவ. முதல் வரியில அந்தக் குளிர்நாட்டு மனுசன், திரும்பத் தன்ர இடத்தில. அடுத்தது டீச்சர். பேந்து நான், படமில்லாம.

"உங்கட பேரையும் போடவோ?"

"பேர் வேண்டாம். சல்லி எண்டு போடு."

போட்டன். சங்கத்து ஆக்கள் இடம் சொல்லுவினமோ எண்டு கேக்க வாயெடுத்தன். கேக்க முதல் அவரே சொன்னார்.

"நான் இண்டைக்குப் பின்னேரம் நாலாம் இடம். பதிஞ்சிட்டுத்தான் வந்தனான்."

கருவியை முதல் சொப்பிங் பேக்கில சுத்தினார். ரெண்டாவதிலயும் சுத்தினார். பிறகு கையை நீட்டித் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் வைச்சார்.

"ஆறிப்போச்சு தம்பி," எண்டார். "தங்கச்சியிட்டச் சொல்லி வேற ஒண்டு போடச் சொல்லு."